எல்லாருக்கும் சனவரி ஒன்று

மார்கழி 12, வெள்ளி.

கொழும்புக் கொம்பியூட்டரிலிருந்து ஓய்வுபெறுவோர் பட்டியல் வந்தது. சீனன்குடா எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் பதினொரு பேர், எல்லாரும் சனவரி முதலாம் திகதி போகவேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள். பழைய பதிவேட்டில் ஒரு வருடத்தைப் போட்டு, பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று எழுதியிருந்தது. கொம்பியூட்டருக்கு அனுப்பும் புதிய துளை அட்டையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. நாளும் மாதமும் வெறுமையாக இருந்தால் அட்டை திரும்பிவரும் என்று நான்தான் எல்லாருக்கும் சனவரி ஒன்று போட்டேன்.

பட்டியலில் இருந்த கிண்ணியாக் காசிம் காக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, என்ட கூடப்பிறந்த மூத்த காக்கா இன்னும் இஞ்ச வேலை செய்யிறார். அவருக்கு முந்தி நான் எப்பிடிக் கிழவனாகிறது?"

"பழைய பதிவேட்டில 'ஏறக்குறைய' எண்டு இருக்கிறதைக் காட்டினா திருத்துவாங்கள், காக்கா."

"அப்ப காட்டுங்களன்."

"பாப்பம்" என்றேன்.

அட்டைகள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததுமே பழைய பதிவேடுகளை எரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. குதங்களுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்ட ஏலாது. போன மாதம் கப்பல்துறைக் கிராமத்துக்குக் கொண்டுபோய் எரித்தோம். மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்தவர் காசிம் காக்காதான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.