கன்றுகளுக்கு உபயம்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் மாநகராட்சி ஆபீஸிலிருந்து ஆர்டர் வந்தது. என் பார்க்கில் இருக்கும் நான்கு தோட்டப் பணியாளர்களில் மூன்று பேர் சித்திரைத் திருவிழா வேலைக்கு. ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஐப்பசி மழையில் நட்ட கன்றுகள் இன்னும் இடுப்பு உயரம்கூட வரவில்லை. இந்தக் கோடையை அவை எப்படித் தாண்டும்?

ஜூனியர் இன்ஜினியர் ராஜபாண்டி சாருக்குப் போன் செய்தேன். "திருவிழா முடிஞ்சதும் வந்துருவாங்கம்மா. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். சூப்பர்வைசராக வந்த நாளிலிருந்து அட்ஜஸ்ட்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது முத்துமீனா மட்டும். கான்ட்ராக்ட் ஆள். வாடிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள்.

ஏப்ரல் 30, புதன்

போர்வெல் மோட்டார் கொஞ்ச நேரம்தான் இழுக்கிறது. மேற்கு வேலிப் பக்கம் ஓஸ் பைப் எட்டாது. முத்துமீனா குடத்தில் சுமக்கிறாள். இன்று நானும் சுமந்தேன். தினமும் வாக்கிங் வரும் சிக்கந்தர் பாய், பேங்கில் ரிட்டயர் ஆனவர், "என்னம்மா, சூப்பர்வைசரே குடம் தூக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

மே 7, புதன்

நான்கு புங்கங்கன்றுகள் போய்விட்டன.

மே 20, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். என் ஆட்கள் திரும்பவில்லை.

ஆபீஸுக்கே போய்க் கேட்டேன். ஒருவரைக் கொசு மருந்து அடிக்கப் போட்டிருக்கிறார்களாம். மற்ற இருவரும் பெரிய ரோட்டின் நடுவில் இருக்கும் அரளிச் செடிகளுக்கு. "அதுதானம்மா எல்லார் கண்ணுலயும் படுது" என்றார் ராஜபாண்டி சார். மனுஷன் பூசி மெழுகாமல் சொல்கிறார், அதற்காவது நன்றி சொல்ல வேண்டும். யார் கண்ணுலயும் படாத இடத்துல இருந்தா மரம் சாகலாமா? அப்புறம் எதுக்குய்யா நட்டீங்க? — இதை அங்கே கேட்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மே 22, வியாழன்

கோயிலுக்குப் போனேன். டியூப் லைட்டில் உபயம் செய்தவர் பேரை எழுதி எழுதி, வெளிச்சமே வெளியே வரவில்லை. அதைக் கொடுத்தவரே ஸ்டூல் போட்டு ஏறி, தன் பேர் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கோயிலில் வேறு யார் பேரையும் அவர் துடைக்கவில்லை.

பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது.

மே 25, ஞாயிறு

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தகர போர்டு. 'உபயம்' என்று போட்டு, வாக்கிங் வருபவர்களில் ஒருவர் பேர். காசு வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன். முதல் பேர் சிக்கந்தர் பாய். ஒருவர் எம்.ஏ., பி.எல். சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்டு கன்றைவிடப் பெரிது. நிழலாவது கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

மகிழங்கன்றில் துளிர்! சிக்கந்தர் பாய் என்னிடம் புகார்: "என் கன்னுக்கு வேற யாரோ தண்ணி ஊத்திட்டாங்கம்மா. அது என்ன நியாயம்?" முத்துமீனாவுக்குச் சிரித்து மாளவில்லை. "இனிமே கை வலி இல்லக்கா" என்றாள். குடத்தை வைத்துவிட்டு, வேலியோரக் களையை எடுக்க இன்றுதான் அவளுக்கு நேரம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

ராஜபாண்டி சார் வந்து போர்டுகளைப் போட்டோ எடுத்தார். "சூப்பர்ம்மா! மேல அனுப்புறேன்." இதுதான் சமயம் என்று, "சார், இன்னும் ரெண்டு ஆள் மட்டும்…" என்றேன். தலையாட்டினார். தருவார் என்று நினைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

பொதுமக்களே பராமரிப்பதால் இந்தப் பூங்காவுக்குத் தோட்டப் பணியாளர் தேவையில்லை. ஆர்டர் அப்படித்தான் சொல்கிறது. முத்துமீனாவை ஊரின் தென்கோடியில் கொசு மருந்து வேலைக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆள் கேட்டா, இருக்குற ஆளையும் புடுங்குவாங்களா? களை யார் எடுக்குறது? பாத்தி யார் கட்டுறது? பூச்சி விழுந்தா எம்.ஏ., பி.எல். வந்து பார்ப்பாரா? ராஜபாண்டி சாரிடம் இந்தத் தடவை கேட்டே விட்டேன். "உங்க யோசனைதானம்மா, நல்லாத்தானே நடக்குது?" என்றார். நானே எழுதி, நானே மாட்டி… சீ.

"முதல் பஸ்ஸுக்கு வந்தாலும் அங்க நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுக்கா. நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்" என்றாள் முத்துமீனா. என் மேல் கோபமா என்று கேட்டேன். "உங்க மேல எதுக்குக்கா? நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றாள். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூன் 25, புதன்

பள்ளிக்கூடம் திறந்தபின் ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது பாதிப் பேர் வருவதில்லை. களை முழங்கால் உயரம். குடம் என்னிடம்.

ஜூலை 1, செவ்வாய்

பாராட்டுக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பார்க்குகளிலும் போர்டு திட்டம் என்று ராஜபாண்டி சார் மைக்கில் அறிவித்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த தோட்டப் பணியாளர்களும் கை தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

டீ கொடுக்கும் இடத்தில் ஒச்சம்மாள் என்று ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொரு பார்க்கில் கான்ட்ராக்டில் இருக்கிறாளாம். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கதானாக்கா அந்த போர்டு யோசனை சொன்னது? அம்புட்டுப் பெரிய பார்க்குக்கு நாங்க மூணே பேரு, இடுப்பு ஒடியுது. போர்டு மாட்டிட்டா எங்களுக்கு வேலை லேசாயிரும்ல?"

பக்கத்திலேயே ராஜபாண்டி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாட்ட விடாதீங்க" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் என்னையும் பொன்னாடையையும் பார்த்தாள்.

"ஒரு போர்டுகூட மாட்ட விடாதீங்க. மாட்டுனா உங்க மூணு பேரையும் பார்க்கை விட்டே தூக்கிருவாங்க" என்று, அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.