இரண்டாம் பாதியும் ஒரு பாட்டரி ஒயரும்

புத்தூர்ச் சந்தை மைதானத்தையே வாயால் கட்டிப்போட்ட என் பெருமாள் மாமாவுக்கு,

அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. நேற்று கிணற்றடியில் யாரோ உங்களைப் 'புளுகு கிளார்க்' என்று சொன்னார்களாம். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது, அந்தப் பெயர் மட்டும் சாகவில்லை. அதற்குக் காரணம் நான்தான் மாமா.

பஞ்சாயத்து ரேடியோவைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. மதராஸில் கால்பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் அந்த மில் டீம் இறங்கினால், நம் மைதானத்தில் நடக்க இடமிருக்காது. வர்ணனை இங்கிலீஷில் வரும். ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்த உங்களுக்குத்தான் அது முழுசாகப் புரியும். பெஞ்சில் ஏறி முதல் பாதியைத் தமிழில் சொல்வீர்கள், இரண்டாம் பாதியைத் தெலுங்கில். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. தமிழ்க்காரர்கள் தெலுங்குக் கோலுக்கும் கை தட்டினார்கள்.

பிறகு எல்லைப் பேச்சு வந்தது. எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கோடு போட்டார்கள். ஒரு காலையில் ஸ்டேஷன் பலகையில் தமிழ் எழுத்தின் மேல் தார். மறுநாள் தெலுங்கின் மேலும் தார். கலந்து உட்கார்ந்த கூட்டம் நடுவில் ஒரு பாதை விட்டு உட்கார்ந்தது. நீங்கள் கவனித்தீர்களா? நான் கவனித்தேன், சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தன்று நம் தமிழ்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் ரேடியோ அறைக்கு வந்தார்கள். ஒருவன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னான்: "இன்னிக்கி உங்க மாமன் தெலுங்குல பேசினான்னா, பெஞ்சி மேல இருந்து நடந்து எறங்க மாட்டான். பாத்துக்கினு இரு."

முதல் பாதி முடிந்ததும் காலால் பாட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பாட்டரி இறங்கிவிட்டது என்று கத்தினேன். உங்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன், முட்டாள்.

தெலுங்குப் பக்கம் எழுந்து நின்றது. "மீ சகம் அயிந்தி, மா சகம் ஏதி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். உங்கள் பாதி முடிந்தது, எங்கள் பாதி எங்கே? நியாயமான கேள்விதான். அதற்குள் பின்வரிசையில் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் இறங்கி வந்து செத்த ரேடியோவில் காது வைத்தீர்கள். சத்தம் சன்னமாக வருகிறது, எனக்குக் கேட்கிறது என்றீர்கள். மறுபடி ஏறி, நாற்பது நிமிஷம் இல்லாத ஆட்டத்தைத் தெலுங்கில் ஆடிக் காட்டினீர்கள். மில் டீமுக்கு இரண்டு கோலும் போட்டீர்கள். கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அந்த இருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அத்தனை கூட்டத்தின் நடுவே கை வைக்கத் துணியவில்லை.

காலை ரயிலில் பேப்பர் வந்தது. மில் டீம் தோற்றிருந்தது. தெலுங்கில் பொய் சொல்லி எங்களை ஏமாற்றினான் என்றது ஒரு பக்கம். நம் மானத்தை வாங்கினான் என்றது மறுபக்கம். பத்து வருஷமாக வணக்கம் சொன்னவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் பெஞ்சில் ஏறியது அதோடு சரி. காய்ச்சலில் நீங்கள் போனபோது தூக்க நாலு பேருக்கு நான் வீடு வீடாக அலைந்தேன்.

ஆட்டத்தன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் நீங்கள் சொன்னது ஒன்றுதான். "ஒயரை நல்லா முறுக்கி வைய்யிடா. அடுத்த வாரமும் வேற ஒரு ஆட்டம் கீது."

ரேடியோவில் காது வைத்தபோதே என் காலடியைப் பார்த்துவிட்டீர்கள். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் மாமா?

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மதராஸ் பக்கம், நாம் ஆந்திரா பக்கம். ஞாயிற்றுக்கிழமை மில் டீமுக்கு மறுபடி இறுதி ஆட்டம். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று டீக்கடையில் வாய்விட்டேன். ஒயரை ஏன் பிடுங்கினேன் என்று சொன்னால், மிரட்டியது யார் என்பதும் வெளியே வருமே. அந்த இருவரும் நேற்று வந்தார்கள். உங்க அக்கா தனியாத்தானே கீது என்று மட்டும் விசாரித்தார்கள். இன்று காலை அக்கா வீட்டுக் கதவில் தார். கை வைத்துப் பார்த்தேன், இன்னும் ஈரம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவுத் தாரைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "பெஞ்சி பக்கத்துல நான் நிக்கிறேன், நீ படி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் திறப்பதற்கு முன் பெஞ்சில் ஏறி இந்தக் கடிதத்தைப் படிப்பேன் மாமா. இரண்டு பாஷையிலும் படிப்பேன். நம் பாதி அன்றே முடிந்துவிட்டது. அதனால் தெலுங்கில்தான் தொடங்குவேன்.

உங்கள் மச்சான்,
ஒயரைப் பிடுங்கிய ஏகாம்பரம்