அடி அண்ணாமலை தந்த பதவி

இன்று காலை உன் ஆட்கள் என் மைக் செட் கடைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். உன் படத்துக்கு மேலே 'ஏழைகளின் காவலர்' என்று போட்டிருந்தது. புளித்த பசையின் வாடை கடை முழுக்க அடித்தது. உன் நினைவு நாள் கூட்டத்துக்கு மைக் செட் கேட்டார்கள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில்தான் நாம் நண்பர்களானோம். அடி அண்ணாமலையில் குத்தகைக்கு உழுத குடும்பங்களைக் குடிசையை விட்டுக் கிளப்ப ஒரு நிலக்காரர் முயன்றார். பீஸ் வாங்காமல் அவர்களுக்காக வாதாடினாய். ஒருநாள் அவருடைய அடியாட்கள் தடியோடு வந்தார்கள். உன் தலைக்கு ஓங்கிய தடிக்குக் குறுக்கே, அந்தக் குடிசைக்காரிகளில் ஒருத்தியான குப்பம்மாள் கையை நீட்டினாள். உடைந்த எலும்பு சரியாகக் கூடவே இல்லை. அந்தக் கையை அவளால் அப்புறம் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்று நீ அழுதாய். "எனக்காக வாங்கிக்கினியே அக்கா."

"அழாதீங்க வக்கீலய்யா. எங்க ஊடு நின்னா போதும்" என்றாள்.

வீடுகள் நின்றன. எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலில் நீ நின்றாய். என் மைக் கட்டிய ஜீப்பில் ஏறிக் குப்பம்மாள் ஊர் ஊராகப் பேசினாள். "இவரு ஜெயிச்சா எங்கள யாரும் தொட முடியாது" என்று அவள் சொன்னபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ ஜெயித்தாய். சில வருஷத்தில் கட்சி மாறி மந்திரியும் ஆனாய். "பதவி இருந்தாத்தான் ஜனங்களுக்கு ஏதாச்சும் செய்ய முடியும் பாய்" என்றாய். நானும் நம்பினேன்.

அதே நிலக்காரர் உனக்கு ரோஜா மாலை போட்டார். அடுத்த மாதமே போலீஸ் வந்து குடிசைகளைப் பிரித்துப் போட்டது. அந்த இடத்தில் அவர் லாட்ஜ் கட்ட நீயே அடிக்கல் நாட்டினாய்.

குப்பம்மாளைக் கூட்டிக்கொண்டு நீ தங்கியிருந்த பயணியர் மாளிகைக்கு வந்தேன். நிலக்காரரோடு உட்கார்ந்து நீ பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி அவள் கும்பிட்டாள்.

"யாரு இது?" என்று என்னைக் கேட்டாய்.

"குப்பம்மா. உன் தலைக்கு வந்த அடிய வாங்கினவ."

எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஆங், ஞாபகம் இருக்குது. பி.ஏ. கிட்ட மனு குடுத்துட்டுப் போகச் சொல்லு. இந்த மாதிரி ஆளுங்கள இங்க இட்டுனு வராத பாய், நாலு பேரு பாக்கறாங்க" என்றாய். நிலக்காரர் சிரித்தார். நீயும் சிரித்தாய். உதட்டில் நெய் வழிந்தது. என் நண்பன் அந்த முகத்தில் எங்காவது இருக்கிறானா என்று பார்த்தேன். அருவருப்புதான் வந்தது.

வேங்கிக்கால் ஏரிக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே குப்பம்மாள் செத்தாள். நீ செத்தபோது ஊரே கடையடைத்தது. நான் உனக்கு மாலை போட வரவில்லை.

உன் மேல் இருந்த அருவருப்பைக்கூட ஒருநாள் இறக்கி வைத்துவிடுவேன். பயணியர் மாளிகையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தவள், பஸ் ஏறும்போது சொன்னதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

"சாப்புடற நேரத்துல போனது நம்ம தப்பு பாய்."