'வரிசைப் பெட்டி'யின் பன்னிரண்டாம் அத்தியாயம்

மார்ச் 3

இருபத்தாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்றைய நாளிதழில் சோடாபுட்டியின் அரைப்பக்கப் பேட்டி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன், இப்போது பெரிய பொறியாளன். என் மனைவி நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில் எந்த நோயாளி முதலில் டாக்டரைப் பார்ப்பது என்று எண் கொடுக்கிற இயந்திரம் அவன் செய்தது. யோசனை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். படிக்கிற காலத்தில் ஒரு சின்னப் பத்திரிகையில் வந்த விஞ்ஞானத் தொடர்கதை, எழுதியவர் பெயர் ஞாபகமில்லை என்கிறான்.

ஞாபகமில்லையாம். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் எழுதிய மை காய்வதற்குள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பிடுங்கிப் படித்தவன்.

மார்ச் 4

ஆட்களுக்கு வரிசை எண் போடும் ஒரு பெட்டியின் கதை 'வரிசைப் பெட்டி'; படிப்பவர்களை மிரட்டுவதற்காக எழுதினேன். இவன் வசதி என்று படித்திருக்கிறான். பெட்டியை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது கடைசி அத்தியாயத்தில் வரும். அது அச்சாகவே இல்லை. ஆசிரியர் அதற்குள் பத்திரிகையை மூடிவிட்டார். அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மார்ச் 7

பேட்டிக்கு மறுப்பு, நான்கு பக்கம். மனைவி படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இதுல 'நான்' எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணவில்லை.

மார்ச் 11

மதியம் வேலை முடிந்து வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கிய ஒரு கொத்தனார் மூன்று மணி நேரம் காத்திருந்தாராம். பின்னால் வந்தவர்கள் எப்படி முன்னால் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். காலைப் பார்த்ததுமே அவசரம் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணை மாற்ற வழியில்லை.

"மெஷின் அப்படிதாங்க சொல்லுதுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. நானும் மெஷின் மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டேன். இனிமே என்னால அங்க வேல பாக்க முடியாதுங்க."

அடுத்த மாதம் எல்லா வார்டுக்கும் அதே இயந்திரம். அதற்கென்று மருத்துவமனை ஒரு குழு போட்டிருக்கிறது; மாத முடிவுவரை யார் வேண்டுமானாலும் அதற்குக் கருத்து எழுதி அனுப்பலாமாம்.

மார்ச் 12

கடைசி அத்தியாயத்தைக் குழுவுக்கு அனுப்பி அவன் முகத்தில் கரி பூசலாம் என்று பழைய பெட்டியைக் கொட்டித் தேடினேன். பதினோரு அத்தியாயம் இருக்கிறது. அதன் கீழே ஒரு தாள், உச்சியில் 'அத்தியாயம் 12'. மற்றபடி வெள்ளை.

எழுதவே இல்லை. எப்படி முடிப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்காக இரண்டு மாதம் அச்சை நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆசிரியர் பத்திரிகையை மூடினார் — அதெப்படிடா மறந்த? இத்தன வருஷமா யார் மேல கோபம்?

மார்ச் 13

மைத்துனருக்கு போன் செய்தேன். "என்ன மாப்ள, கடைசி அத்தியாயம் ரெடியா?" என்றார்.

மார்ச் 14

கொத்தனாரை வீட்டார் மறுபடி கூட்டிவந்து சேர்த்திருக்கிறார்கள். கால் தப்பியது.

மார்ச் 17

பெட்டியை உடைத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். கதையில்தான்.

"எதுக்கு ஒடைக்கணும்? கூட்டத்துல நாங்க கவனிக்காத ரெண்டு பேர அதுதான் காப்பாத்துச்சு. ஏன் இந்த நம்பர்னு கேட்டா, கேக்கறவருக்குப் புரியற மாதிரி பதில் சொல்லணும். தப்புன்னு தெரிஞ்சா நான் மாத்தணும். அவ்ளோதான்."

இது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 22

ஒன்பது பக்கம். ஒரு நர்ஸ் எண்ணை மாற்றுகிறாள். பெட்டி அவளிடம் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மைத்துனர் இரண்டு பத்தி வெட்டினார். சரியாகத்தான் வெட்டினார்.

மார்ச் 25

வேலையை விடும் பேச்சை ஒரு வாரமாக அவள் எடுக்கவில்லை. இன்று அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து தந்தாள். அடியில் என் பெயருக்கு இடம் விட்டிருந்தாள்.

குழுவில் சோடாபுட்டியும் இருக்கிறான். பெயரைப் பார்த்தால் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் படிப்பான். அவன் இடத்தில் நானும் அப்படித்தான் படிப்பேன். பெயர் இல்லாவிட்டால், கதையில் அடுத்து என்ன ஆகிறது என்று படிப்பான்.

கையெழுத்துப் போடவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். நாளை காலை தபாலில் சேர்க்கிறேன்.