மூன்றாவது குழாய் ஊதா ஆகவில்லை

7 ஜூலை 1973, சனி
காலையில் தூறல். கல்லூரிக்குப் போவதற்குள் புடவை ஓரமெல்லாம் செம்மண்.

பரிசோதனை மறுபடியும் சொதப்பல். மெக்னீசியம் போட்ட குழாயில் பாக்டீரியா அமினோ அமிலத்தை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிற்று. தாமிரம் போட்டதில் உறிஞ்சக் கூடாது, உறிஞ்சவில்லை. சரி. எந்த உலோகமும் போடாத மூன்றாவதிலும் உறிஞ்சக் கூடாது. மிச்சமிருக்கும் அமிலம் நின்ஹைட்ரின் கரைசல் பட்டதும் ஊதாவாக வேண்டும். ஆகவில்லை. வெளுத்த முகத்தோடு நிற்கிறது, சனியன்.

ஆராய்ச்சி கைடு சார் அடுத்த சனி பெங்களூரிலிருந்து வருகிறார். போன முறையே சொல்லிவிட்டார்: "அடுத்த தடவையும் வித்தியாசம் வரலைன்னா தலைப்பை மாத்திடலாம்மா." இரண்டு வருட உழைப்பு. மாற்றுவாராம்!

வாங்க: து. பருப்பு, சீயக்காய், நீல மை.

10, செவ்வாய்
வெயில். மூன்றாவது குழாய் அருமையான ஊதா! என் விரல்களும். சாப்பிடும்போது இவர், "என்ன, நாவப்பழம் திருடப் போயிருந்தியா?" சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஆனால் செவ்வாய் வருவது சனி ஏன் வருவதில்லை? பழைய குறிப்புகளைப் புரட்டினேன். கெட்டதெல்லாம் சனிக்கிழமை. இவரிடம் சொன்னால் திருநள்ளாறு போகலாம் என்பார்.

13, வெள்ளி
கண்டுபிடித்துவிட்டேன்!!

வெள்ளிதோறும் மாணவர்கள் செய்முறை வகுப்பில் காய்ச்சி வடித்த தண்ணீரை முழுக்கத் தீர்த்துவிடுவார்கள். சனி காலை ஜாடி நிறைந்திருக்கும். ஸ்டோர்காரர் வடித்து வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். இன்று வகுப்பு முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தேன். பெருக்க வரும் முனியம்மா இடுப்பில் குடத்தோடு வந்தாள். கிணற்றுத் தண்ணீர். துணியில் வடிகட்டி, பயபக்தியோடு ஜாடியில் ஊற்றினாள்.

"என்ன பண்றீங்க முனியம்மா!"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா காலியா வெக்கலாமுங்களா டீச்சரம்மா? வூட்டுல கொடத்த இப்பிடி வெப்பமா?"

வாரா வாரம் ஊற்றுகிறாளாம். ஸ்டோர்காரர் ஜாடியைக் கழுவிப் புதிதாக வடிப்பது திங்கட்கிழமைதானாம். நம்மூர் கிணற்றுத் தண்ணீர்! சோப்பு நுரைக்காது, பாத்திரமெல்லாம் வெள்ளை படியும். அதில் இல்லாத மெக்னீசியமா? பாக்டீரியாவுக்கு விருந்து வைத்துவிட்டு, ஏன் சாப்பிட்டாய் என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபம் வந்தது, நிலைக்கவில்லை. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். உடன்படிக்கை: ஜாடி அடியில் எப்போதும் ஒரு டம்ளர் அளவு மிச்சம் வைப்பேன், அவள் குடம் தூக்க மாட்டாள்.

பொழுது சாயும்வரை புதிதாகத் தண்ணீர் வடித்தேன். அப்போதுதான் ஒரு யோசனை. நான்காவதாக ஒரு குழாய், கிணற்றுத் தண்ணீரில். இருக்கட்டுமே.

14, சனி
மேகமூட்டம். சார் காபிகூடக் குடிக்கவில்லை, நேரே குழாய்களிடம் போனார். மெக்னீசியம்: வெளுப்பு. தாமிரம்: ஊதா. ஒன்றும் போடாதது: ஊதா! எனக்கு மூச்சு வந்தது.

நான்காவதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெளுப்பு.

"இதுல என்னம்மா?"

"கிணத்துத் தண்ணி சார்."

"கிணத்துத் தண்ணியா? லேபுக்குள்ள யார் கொண்டுவந்து ஊத்தினது?"

கதவருகில் துடைப்பத்தோடு முனியம்மா. கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டாள்.

"நான்தான் சார்" என்றேன். திட்டு என் மேல் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

சார் குழாயைக் கீழே வைக்கவேயில்லை. "பாடப் புத்தகத்துல இல்லாத கேள்விம்மா இது. எப்படித் தோணுச்சு உனக்கு? தலைப்பு இருக்கட்டும். இதையும் சேர்த்து எழுது."

முனியம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.