ஷேடு பார்த்து வாங்கிய லேப்டாப்

வேலம்பாளையம்
22.6.2008, ஞாயிறு

அன்புள்ள பிலிம் மாமாவுக்கு,

உங்கள் மயிலாள் எழுதிக்கொள்வது. நானும் மகள் சித்ரகலாவும் சுகம். கார்த்திகையில் நீங்க கண்ணை மூடியதிலிருந்து இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் வாய் நமநமத்துக் கிடந்தது. ஊருக்கு நீங்க ஸ்டூடியோக்காரர். நான் பிலிம் மாமா என்றால் முறைப்பீங்க. இப்போது முறைங்க, பார்க்கலாம். ஆறாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தாலும் இந்தக் கடிதம் தபால் பெட்டிக்கா போகப்போகிறது?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஸ்டூடியோ ஷட்டர் இறங்கவில்லை. லேப்டாப் வாங்கியாச்சு. அதைத் தேர்ந்தெடுத்தது உங்க மகள் இல்லை, நான். சிரிக்காதீங்க.

தையில் அருள்புரத்தில் ஒரு கல்யாணம். சித்ரா தனியாக எடுத்த முதல் கல்யாணம். படமெல்லாம் அருமை. கலர் சரிசெய்ய வெளியில் கொடுத்தோம், அங்கேதான் வந்தது வினை. அரக்குக் கூரைச்சேலை ஆல்பத்தில் ரோஸ் சேலை ஆகிவிட்டது. பெண்ணின் அம்மா, "நாங்க எடுத்த சீலை இதில்லீங்க. இது ஆரு கல்யாணமுங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்க தம்பி தங்கதுரை வந்து, "அண்ணி, இன்னொரு ஆல்பம் இப்பிடித் திரும்புச்சுன்னா கடைய மூடிப்போட்டுப் புள்ளையப் பனியன் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயத்தில் சொன்னார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சித்ரா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த ஆர்டர் வைகாசியில், அவிநாசிக் கல்யாணம். அந்த ஓர் ஆல்பத்தில்தான் எல்லாம் இருந்தது. இனிமேல் கலரை நாமே சரிசெய்வோம் என்று லேப்டாப் வாங்கக் கிளம்பினோம். பணம் என் கம்பெனி பி.எஃப். சேமிப்பிலிருந்து எடுத்தது. உங்க கேமராவைத் தொடவில்லை, பயப்படாதீங்க.

சித்ரா ரேம், ஹார்டு டிஸ்க் என்று ஒரு காகிதம் நிறைய எழுதி வைத்திருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அதுல அரக்கு அரக்காத் தெரியுமா கண்ணு?" அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாறு வருஷம் செக்கிங்கில் நின்று துணிக்குத் துணி நிறம் மாறாமல் ஷேடு பார்த்தவள் இல்லையா நான்? கம்பெனி வெட்டுத் துண்டில் சிவப்பு, மெரூன், அரக்கு, தக்காளி என்று ஒன்பது பொறுக்கி ஓர் அட்டையில் ஒட்டினேன். அதை அவள் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். துணி என் பையில், படம் அவள் பையில்.

டவுனில் ஜமால் பாய் கடைக்குப் போனோம். சாமான் எடுத்துக் காட்டிய பையன் பேர் அஃப்சல். சித்ராவுக்குப் பார்த்ததும் ஒன்று பிடித்துப்போச்சு. சிவப்பு மூடி, மினுமினு என்று திரை. படத்தைப் போட்டால் துணியை விட என் நெற்றித் திருநீறுதான் நன்றாகத் தெரிந்தது. "மூஞ்சி பாக்க ஊட்ல கண்ணாடி இருக்குது சாமி" என்றேன். அடுத்ததில் நேரே பார்த்தால் அரக்கு, எழுந்தால் வெளுப்பு, குனிந்தால் கருப்பு. "உக்காந்து நேராப் பாருங்கம்மா" என்றான் அஃப்சல். "நிமுந்தா ஒரு கலரு, குனிஞ்சா ஒரு கலரு. இதுல எத நம்பறது கண்ணு?" என்று கேட்டேன். பாவம், அவன் அடுத்ததை எடுக்கப் போனான்.

மூன்றாவது, அட்டையோடு அப்படியே ஒத்துப்போச்சு. பணத்தைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். அப்போதுதான் தலைக்கு மேலே பார்த்தேன். டியூப் லைட்! கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பை நானே செய்யப் பார்த்தேன் மாமா. டியூப் லைட்டுக்கு அடியில் கருநீலமும் கருப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கம்பெனி கேட்டுக்கு வெளியே, பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் குட்டு உடையும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு நடந்தேன். "அம்மா, அது துணி இல்லீங்க, கீழ போட்றாதீங்க!" என்று அஃப்சல் பின்னாலேயே ஓடி வந்தான். வாசல் நிழலில் வைத்துப் பார்த்தால் என் அட்டையில் மெரூன் வேறு, அரக்கு வேறு. திரையில் இரண்டும் ஒன்று.

பிறகு ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். கருப்பு, தடிமன், திரையில் மினுக்கமே இல்லை. ஆபீஸ்காரர்கள் வாங்குவதாம். அதில் ஒன்பது துண்டும் ஒன்பது ஷேடாக நின்றது. எழுந்தேன், குனிந்தேன், அரக்கு அசையவில்லை. "பாக்க நல்லாவே இல்லியேம்மா" என்று சித்ரா முகம் சுருங்கினாள். "இது படத்தக் காட்டறதுக்குக் கண்ணு, இதக் காட்டறதுக்கில்ல" என்றேன். அவள் காகிதத்தை வைத்துச் சரிபார்த்தாள். அதில் எழுதியதெல்லாம் இதில் இருந்தது. ஜமால் பாய் டீ வாங்கிக் கொடுத்து, "ரேம் கேட்டு வருவாங்க, ரேட்டுக் கேட்டு வருவாங்க. துணித்துண்டோட வந்தது நீங்கதாம்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அவிநாசி ஆல்பத்தைப் போன புதன்கிழமை கொடுத்தோம். கல்யாணப்பெண் அன்புசெல்வியின் அம்மா ரங்காத்தாள் பீரோவைத் திறந்து கூரைச்சேலையை எடுத்து வந்து, படத்தின் மேலேயே விரித்தார். சித்ரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப்பிள்ளையாட்டம். ரங்காத்தாள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, சீலைய மடிச்சு உள்ள வெச்சாட்ட இருக்குதே!" என்றார். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் தங்கை வீட்டு ஆர்டரும் நமக்குத்தான். தங்கதுரை வந்தார். கடையை மூடும் பேச்சே எடுக்கவில்லை. பெயர்ப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றார். முதலில் ஷேடு கொண்டுவந்து காட்டச் சொன்னேன்.

இன்று காலையில் சித்ரா நம் நிச்சயதார்த்தப் படத்தை லேப்டாப்பில் ஏற்றினாள். கழுவி வந்த நாளிலிருந்தே சிவப்படித்துப்போன படம், தெரியுமே. "உங்க சீலை என்ன கலரும்மா?" என்றாள். பெட்டியிலிருந்து அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். சேலை பச்சையாக வர வர, மாலை, சந்தனம், என் முகம், எல்லாமே சரியாக வந்தது. உங்க சட்டையும் வந்தது.

இத்தனை வருஷமும் அது வெள்ளைச் சட்டை என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் எங்கே தலை நிமிர்ந்தேன்? அது வெள்ளை இல்லை மாமா, இளநீலம். பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்தேனே தாவணி, அதே நீலம். அது கிழிந்துபோய் இருபது வருஷம் ஆச்சு. ஆனால் ஷேடு விஷயத்தில் என் கண் தப்பாது. நீங்க ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சித்ரா என்னம்மா என்னம்மா என்று கேட்கிறாள். நான் சிரிக்கிறேன், கண்ணும் நிறைகிறது.

உங்க மகளுக்குக் கண்ணும் கையும் இப்படியே நிலைக்கும்படி நீங்கதான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு உங்கள் மயிலாள் கேட்பது: கடை கடையாக ஏறி இறங்கி என் தாவணிக்கு ஷேடு பார்த்து அந்தத் துணியை எடுத்தீங்களா மாமா, இல்லை, தானாக அமைந்துபோச்சா?