திருநீறு ருசித்த நாட்கள்

ஐந்து தீயின் நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் கால்விரலூன்றித் தவம் நின்ற மாங்காட்டு அம்மையே, உன் தவத்துக்கு ஒரு நிறைவு வாய்த்ததுபோல் எங்கள் உடல்கள் மௌனமாய்ப் பொறுத்து நிற்பவற்றுக்கும் ஒரு நிறைவைக் காட்டு. உன்னைத் தன் மேனியில் பாதியாக ஏற்றவனும் உன்னோடு இந்தச் சொற்களுக்கு முன்னே வந்து நிற்கட்டும்.

அக்கா,

நேற்று வெள்ளிக்கிழமை. மாங்காட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியோடு பேருந்தில் ஏறி இறங்குவதே இப்போதெல்லாம் பெரிய காரியமாகிவிட்டது. அம்மையைக் கண்டு, அப்படியே ஈசன் கோயிலுக்கும் போய், பிராகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அருகே ஒரு பெண் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். நாற்பதைக் கடந்தவள், அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. நெற்றியில் இட்டுக்கொண்டு ஒரு சிட்டிகையை வாயில் போட்டாள். அது எல்லோரும் செய்வதுதான். பிறகு இன்னொரு சிட்டிகை. பிறகு விரலை நனைத்து, தாளின் மடிப்பில் ஒட்டியிருந்ததையும் வழித்து நாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நீற்றின் மணம் என்வரை எழுந்து வந்தது. அவளுடைய நகங்களைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். இரண்டும் வெளுத்துக் கிடந்தன.

கேட்க வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. பெயர் அறியாத ஒருத்தியிடம், அதுவும் சந்நிதிக்கு எதிரே, அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? நீங்களாக இருந்தால் ஒரு நொடியும் தயங்கியிருக்க மாட்டீர்கள். என்னிடம் தயங்கவில்லையே.

அப்போது நாங்கள் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். செவ்வாய்தோறும் மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓதுவதற்குப் பெண்கள் கூடுவார்கள். நான் பதிகங்களைச் சொல்லிக் கொடுப்பேன். நீங்கள் பருத்திப்பட்டிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்து, சுருதியைப் பற்றிய கவலையே இல்லாமல் எல்லோரையும்விட உரக்கப் பாடுவீர்கள். "நான் எயுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள சாமி தூங்கிடுவாரு, புலவரம்மா. நீ சொல்லு, நான் புடிச்சிக்கிறேன்" என்பீர்கள். கூட்டத்தில் என்னைக் கேலி செய்யும் துணிவு உங்கள் ஒருவருக்குத்தான் இருந்தது.

மாதவிலக்கு எனக்கு நாற்பதைக் கடந்த அந்த வயதில் மதகு உடைந்த ஏரியாகிவிட்டிருந்தது. கட்டி கட்டியாகப் போகும். மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் சற்று நேரத்தில் மறுபடியும் எழ வேண்டும். அடர்ந்த நிறப் புடவைகளையே கட்டினேன். யார் வீட்டுக்குப் போனாலும் மர நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அந்த நாட்களில் பூசையறைக்குள் போகாமல், பதிகப் புத்தகத்தைத் தொடாமல் விலகியிருப்பது எங்கள் வீட்டு வழக்கம். நின்றுவிட்டது என்று நம்பி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்கை ஏற்றுவேன். திரி கருகும் முன்பே மீண்டும் தொடங்கிவிடும். இப்படியே என் மாதத்தில் பாதி, பூசையறை வாசலுக்கு வெளியே கழிந்தது. விசேஷம் நெருங்கினால் மருந்துக் கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொள்வேன். ஆடிக்கு வாங்குவேன், நவராத்திரிக்கு வாங்குவேன், மார்கழிக்கும் வாங்குவேன். நிறுத்தியதும், தேங்கியிருந்ததெல்லாம் சேர்ந்து வருவதுபோல் வரும். கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "நிக்கப்போற வயசு, அப்படித்தான் இருக்கும்." நானும் அதை ஒப்புக்கொண்டு நடமாடினேன்.

இதற்கிடையேதான் திருநீற்றின் மேல் அந்த ஆசை வந்தது. நாவு அதைத் தேடியது. இட்டுக்கொள்வதற்கு எடுப்பதில் முக்கால் பங்கு வாய்க்குப் போனது. சமையலறையில் பச்சரிசியையும் அள்ளி மென்றேன். கூட்டத்துப் பெண்கள் நீற்றை மட்டும்தான் கண்டார்கள். "அம்மாவுக்குத் திருநீறே ஆகாரம்" என்று வியந்தார்கள். யாத்திரை போனவர்கள் அந்தந்தத் தலத்து நீற்றைப் பொட்டலம் கட்டிவந்து கொடுத்தார்கள். இத்தனை காலம் ஓதியதற்கு இறைவன் அளித்த ருசி இது என்று நானும் உள்ளூர மகிழ்ந்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் போன பிறகு நீங்கள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"இன்னா புலவரம்மா, திருநீறு ருசியாக் கீதா?"

"பிரசாதம்தானே அக்கா."

"பிரசாதம்னா ஒரு சிட்டிக. நீ பொரி துன்ற மாதிரி துன்னுகினு கீற. பச்சரிசியும் உண்டா?"

நான் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மாடி ஏறச்சொல்லோ மூச்சு வாங்குதா? படபடன்னு வருதா? வாயத் தொறடி. பதிகத்துக்கு மட்டுந்தான் தொறப்பியா?"

உங்கள் கதையை அன்றுதான் சொன்னீர்கள். சிறு வயதிலேயே உங்களுக்கும் இதே பெருக்கு. சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றிருக்கிறீர்கள். யாரோ சொல்லி, யாரோ கையெழுத்துப் போட்டு, வயிற்றைத் திறந்துவிட்டார்கள். "எத்த எடுத்தாங்க, ஏன் எடுத்தாங்க, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. போனேன், வந்தேன். அவ்ளோதான்" என்றீர்கள். சொல்லிவிட்டு, சுருட்டிய பாயைத் திரும்ப விரித்து, மறுபடியும் சுருட்டினீர்கள்.

அடுத்த ஞாயிறு முற்றோதல். காலை முதல் மாலை வரை இடைவிடாது ஓதும் நாள். நான்தான் முன்னின்று தொடங்க வேண்டும். அது முடியட்டும், பிறகு மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன். அதுவரை தாங்க, தள்ளிப்போடும் மாத்திரையை நீங்களே வாங்கி வரவேண்டும் என்றும் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலை வெறுங்கையோடு வந்தீர்கள்.

"மாத்திர அப்பறம். மாங்காட்டு அம்மாவப் பாத்துட்டு வந்துடலாம், கிளம்பு."

ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வரை வந்தோம். அங்கே மாங்காட்டு வண்டிக்கு மாறுவோம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்து, ஒரு பெண் மருத்துவரின் கிளினிக் படிக்கட்டில் ஏற்றினீர்கள்.

"அக்கா, இது கோயில் இல்லையே."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. ஏறு."

"பொய் சொல்லிட்டீங்களே."

"ஆமா, சொன்னேன். அத்த அவகிட்ட நான் பேசிக்கிறேன். அவ தவத்த முடிச்சி, கண்ணாலம் கட்டிகினு, ஜோராப் போயிட்டா. நீதான் இன்னும் ஊசி மேல நிக்கிற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வாங்கியது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தீர்கள்.

மருத்துவர் என்ன தொந்தரவு என்று கேட்டார். விலக்கு கொஞ்சம் அதிகம் என்றேன். எவ்வளவு அதிகம் என்றார். சீருக்கும் தளைக்கும் அளவு சொல்லத் தெரிந்த எனக்கு இதற்கு ஓர் அளவு தெரியவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் உடலை மட்டுமே அறிவாள். எது மிகுதி என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டீர்கள்.

"நான் சொல்றேன் டாக்டரம்மா. முன்னல்லாம் இவ குந்துனா, வெளக்கு மலையேறுற வரைக்கும் அசைய மாட்டா. இப்ப ஒரு பதிகம் முடியறதுக்குள்ள எயுந்து உள்ள போறா. வந்து குந்தி அடுத்தத ஆரம்பிச்சா, அது முடியறதுக்குள்ள திரும்பவும் போறா. மூஞ்சியப் பாருங்க, வெள்ளக் காயிதம்."

மருத்துவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "மணிக்கொரு தடவை மாத்த வேண்டியிருந்தா, பெரிய கட்டியாப் போனா, ஒரு வாரத்தைத் தாண்டினா, அதனால வேலையோ தூக்கமோ கெட்டா, அது அதிகம்தான்மா. வயசுன்னு விட்டுடக் கூடாது, காரணத்தைத் தேடணும்." நீற்றைப் பற்றி நீங்கள் சொன்னபோது அவர் நகைக்கவில்லை. "இரும்புச்சத்து தீர்ந்துபோனா சிலருக்கு நாக்கு இப்படித் தேடும். சாம்பல், அரிசி, சுண்ணாம்பு, ஐஸ்கட்டி. சத்து ஏறினா அந்த ஆசை தானா போயிடும்." தள்ளிப்போடும் மாத்திரையை இனி நானாக வாங்கவே கூடாது என்றார், உடம்பு உண்மையில் என்ன செய்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறதாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது அவர் முகம் மாறியது. "இவ்வளவு குறைஞ்ச ரத்தத்தை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நாள் பூரா பாடறேன்னு சொல்றீங்க. இதயம் தாங்காதும்மா. இன்னைக்கே சேர்ந்துடுங்க." ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. உட்சுவரிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"எடுத்துடுவீங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"அதுக்கு இப்பவே அவசரம் இல்லம்மா. முதல்ல ரத்தம் ஏத்தணும். போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கு. சோதனை முடிவு நல்லபடியா வந்தா, கருப்பைக்குள்ள வைக்கிற ஒரு சின்ன சாதனம் இருக்கு. எதுவும் சரிவரலன்னா அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம். எதுவானாலும் இவங்க கேட்டு, புரிஞ்சு, சரின்னு சொல்லணும்."

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "என்னிய இப்பிடி ஒருத்தரும் குந்த வெச்சி சொல்லலியே" என்றீர்கள், சுவரிடம்.

மாலையில் என் கணவர் வந்து படுக்கையருகே நின்றார். "இவ்வளவுன்னு எனக்குத் தெரியாதே" என்றார். "எனக்கே தெரியாதே" என்றேன்.

முற்றோதல் நான் இல்லாமலே நடந்தது. நீங்கள் கைப்பேசியில் என்னை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் பாடுவோர் நடுவே வைத்தீர்கள். எனக்குக் கேட்டதெல்லாம் உங்கள் குரல்தான். மற்ற அனைவரையும் அது மூடிவிட்டது. யாரோ முகம் தெரியாதவர் தந்த குருதி என் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாதியைப் பெண்ணாகவே ஏற்றுக்கொண்ட இறைவன், அந்தப் பாதியின் உதிரத்தையும் ஏற்றுத்தானே இருப்பான் என்ற எண்ணம் அப்போது வந்தது. அத்தனை பாட்டிலும் அவனை அப்படிப் பாடியிருக்கிறேன். படுக்கையில் கிடந்த அன்றுதான் என் உடலை அதில் சேர்த்துப் பார்த்தேன்.

சோதனையில் தீங்கு ஏதுமில்லை என்று வந்தது. அந்தச் சாதனத்தை வைத்தார்கள். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டேயிருந்து என் பொறுமையைச் சோதித்தது; பிறகு வடிந்து அடங்கியது. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டினாலும் விடாமல் விழுங்க வைத்தீர்கள். ஒரு நாள் நீற்றை வாயிலிட்டபோது அதில் ருசியே இல்லை. வெறும் சாம்பல். அருள் விலகிவிட்டதோ என்று பதறி உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "சாம்பலு சாம்பலாத் தெரிஞ்சா உடம்பு தேறிக்கினு கீதுடி, புலவரம்மா!"

உங்கள் உடம்புதான் தேறவில்லை. போன மழைக்காலத்தில் வீட்டுக் குளியலறையில் சறுக்கி விழுந்தீர்கள், இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு வெகுகாலமாகத் தேய்ந்திருக்கிறது என்றார் எலும்பு முறிவு மருத்துவர். ஸ்கேனில் கருமுட்டை சுரக்கும் சூலகம் இரண்டும் இல்லை. அவற்றைச் சிறு வயதிலேயே எடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அவர் போன பிறகு என்னை அருகே அழைத்தீர்கள். "எத்த எடுத்தாங்கன்னு இப்பத்தான் தெரியுது, புலவரம்மா." அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதன் பிறகு நீங்கள் எழுந்து நடக்கவே இல்லை; படுத்த படுக்கையிலேயே போய்விட்டீர்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, அக்கா. செவ்வாய் மாலைகளில் பின்வரிசையைப் பார்க்காமலே ஓதி முடிக்கிறேன்.

நேற்று அந்தப் பெண் தாளைக் கசக்கிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் தள்ளாடித் தூணைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன்; வந்தது என் பேச்சில்லை, உங்களுடையது.

"ஏம்மா, திருநீறு ருசியாக் கீதா?"

அவள் திகைத்தாள். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பச்சரிசியும் உண்டா?"

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசினாள். வீட்டில் ஒரு விசேஷமாம்; அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். அந்தச் சொற்களை நான் நன்கறிவேன். "உன்னைப் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு வராதும்மா. உண்மையைச் சொல்லியே கூப்பிடறேன். நாளைக் காலையில பூந்தமல்லிக்கு வா" என்றேன்.

இன்று காலை பேருந்து நிலையத்தில் நின்றேன். வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். அதே படிக்கட்டு, இம்முறை பாதியில் இருவருமே உட்கார்ந்தோம், அவள் மூச்சுக்காகவும் என் முழங்காலுக்காகவும். அதே மருத்துவர், தலை நரைத்துவிட்டது. எவ்வளவு அதிகம் என்று அவர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். அவள் நேற்றுச் சொன்னதையெல்லாம், அவளுடைய ஒப்புதலைக் கண்ணால் கேட்டுக்கேட்டு, எடுத்துச் சொன்னேன். அவளை உள்ளே பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருத்துவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களோட சத்தமாப் பேசற ஒரு அம்மா வருவாங்களே, எங்கே அவங்க?"



"வந்திருக்காங்க டாக்டர்" என்றேன்.

இதைப் படிப்பவர்களே, உங்கள் இல்லத்தில் விளக்கு நின்று எரியட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் எவரும் தம் உடலின் துயரைத் தனியே சுமந்து வாசலுக்கு வெளியே நில்லாதிருக்கட்டும். கேட்பதற்கு ஒரு நாவும் கூடவருவதற்கு ஒரு கையும் அவர்களுக்கு என்றும் வாய்க்கட்டும். பாதியாய் நின்ற அம்மையும் பாதியைத் தந்த அப்பனும் உங்கள் குடியை முழுமையாய்க் காக்க.